எதிர்க்கடையின் அடையாளம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் விளம்பரப் பலகைக் கடை திறந்தபோது, கடை கடையாக ஏறி இறங்கி வேலை கேட்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். பட்டம் பெற்றவன் பிறர் வாசலில் போய் நிற்பதா என்று மறுத்துவிட்டேன். மாறாக, ஒளிரும் நீலப் பலகை ஒன்றை எவரும் குறை காண முடியாதபடி செய்து, என் கடை முகப்பில் மாட்டினேன். ஒரு மாதமாகியும் யாரும் வரவில்லை. கடையை மூட நேருமோ என்ற அச்சம் உள்ளூர இருந்தது.

அந்நாளில் அங்கே முகவரி சொல்லும் வழக்கமில்லை. கண்ணில் படும் அடையாளத்தைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். ஒருநாள் எதிரே கராஜ் வைத்திருந்த கீழக்கரைக்காரர் சாலையைக் கடந்து வந்தார்.

"என்ன சார் இது? பத்து வருஷமா கராஜ் நடத்துறேன். இப்ப என் ஆளுங்களே கஸ்டமர்கிட்ட 'நீல போர்டுக்கு எதிர்ல'ன்னு வழி சொல்றானுங்க. என் கடைப் பேரு மாஃபி, இல்லாமலே போச்சு!"

"அதுக்கு நான் என்ன பண்ணணும், பாய்?"

"உங்க போர்டைவிடப் பெருசா எனக்கு ஒண்ணு போடுங்க. கலாஸ், அத்தோட விஷயம் முடிஞ்சுது!"

அவர் கேட்டபடியே செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். புதிதாக வருவோருக்கு என் கடையின் அடையாளமாக அவருடைய பலகையையே சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அதுவும் நான் செய்ததுதானே.