சின்னராசு சார் மாற்றிப் படித்த கடைசி வரி

சின்னராசு சார் போய்விட்டார்.

இன்று காலை ஹெச்.எம். போன் செய்து சொன்னார். நெஞ்சு வலி என்று கார் வைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மலைப்பாதையில் பாதி வளைவு கூட இறங்கவில்லையாம்... வழியிலேயே.

கொல்லிமலையில் எங்கள் பள்ளியின் பி.டி. சார். இதே மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதிக்காரர். கிரவுண்டில் அவர் கத்தினால் பக்கத்து ஊரில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு தொண்டை.

அந்தத் தொண்டைதான் ஒரு நாள் என்னைக் காப்பாற்றியது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது சொல்வது?

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. அரையாண்டு லீவில் மனதில் என்ன ஓடியதோ, அதை ஆளுக்கொரு சின்னக் கதையாகவோ கவிதையாகவோ எழுதி, பள்ளி திறக்கும் அன்று ஒரு டின்னில் போட வேண்டும். பெயர் போடக் கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

அது யார் வீட்டிலோ மிளகு போட்டு வைத்திருந்த டின். எத்தனை முறை கழுவியும் காரம் போகவில்லை. மூடியைத் திறந்தாலே நாலு பேர் தும்முவோம். சோகக் கவிதையைக்கூடத் தும்மிக்கொண்டுதான் கேட்போம்.

நான் கணக்கு டீச்சர். இந்த உணர்ச்சி விஷயமெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. "குளிர் அதிகம், துணி காயவில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

சாரும் அப்படித்தான். வருடா வருடம் ஒரே பொங்கல் கவிதை... கரும்பு, இரும்பு, திரும்பு. அதற்குப் பெயர் வேறு போட வேண்டுமா?

என் நிலைமை சாருக்கும் இன்னும் சிலருக்கும் தெரியும். விவாகரத்துக்குப் பிறகு மகன் நாமக்கல்லில் அவன் அப்பாவிடம் இருக்கிறான். லீவுக்கு மட்டும் என்னிடம் வருவான். அந்த வருடம் அரையாண்டு லீவுக்குப் புதுக் கம்பளி வாங்கி வைத்துக் காத்திருந்தேன்.

"அங்க குளிருதும்மா... நெட்டும் வராது. நான் வரல." போனை வைத்துவிட்டான்.

லீவு முழுக்க நானும் பனியும்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு தெரியாது. டூரிஸ்ட் வண்டிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு மலை ஏறும் சத்தம் மட்டும் கேட்கும். ஊருக்கெல்லாம் கொண்டாட்டம்... எனக்கு அந்தப் பாட்டுச் சத்தமே வெறுப்பாக இருந்தது.

அந்த முறை நிஜமாகவே ஒரு கதை எழுதினேன். மகனுக்காக பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருத்தி. கடைசி பஸ்ஸிலும் அவன் வரவில்லை. "அடுத்த லீவு வரை அவள் இருக்கப்போவதில்லை" என்று முடித்திருந்தேன்.

அது கதை இல்லை. மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் எழுதினேன்.

சார் கையில் வந்தது அது.

அவர் படிப்பதைக் கேட்கவே பொறுமை வேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் படிப்பார். அன்றும் அப்படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். ஒரு பெரிய தும்மல்... கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கிரவுண்டில் கத்துவது மாதிரி சத்தமாகப் படித்தார்.

"அடுத்த லீவுக்குப் பையன் வந்தான். வந்ததும், பசிக்குதும்மான்னான்."

நான் அப்படி எழுதவே இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சார் அந்தக் காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், சோத்துக்கு நம்ம ஊட்டுக்கு வாங்க. ஊட்டுல உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

சுத்தப் பொய். போய் நின்றதும் அவர் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, டீச்சர் வாராங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? வெறும் களியும் கீரையுந்தான் இருக்குது!"

சார் தலையைச் சொறிந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சிரித்தேன். களியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி அவர் ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் லீவு விட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வரும். "டீச்சர், கதை எழுதியாச்சுங்களா?"

"எழுதிட்டு இருக்கேன் சார்" என்று போடுவேன். உடனே ஒரு கட்டை விரல் வரும்.

நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த லீவுக்கும் கேட்டிருக்கிறார். முந்தாநாள். இங்கே காற்றும் மழையும்... டவரே இல்லை. இன்று காலை டவர் வந்ததும்தான் பார்த்தேன். அவசர அவசரமாகப் பதில் போட்டேன். ஒரு டிக்கோடு நின்றது. அதற்குள் ஹெச்.எம். போன்.

டீச்சரிடமிருந்து பதிலே வரவில்லையே என்று மனிதர் என்னவெல்லாம் நினைத்திருப்பார்... அதைத்தான் தாங்க முடியவில்லை.

மகன் இந்த லீவுக்கும் வரவில்லை. பொங்கலுக்குப் பார்க்கலாம் என்கிறான்.

சார்... கதை எழுதிட்டேன். பள்ளி திறந்ததும் டின்னில் போட்டுடுவேன். உங்க வரியைத்தான் கடைசி வரியா வைச்சிருக்கேன். யார் கையில் கிடைச்சாலும் அப்படியே படிக்கலாம்.

போயிட்டு வாங்க சார்.