மடியில் மெழுகு வில்லை

சதைத் துணுக்கை மெழுகில் பதித்த வில்லைகளை ரயிலில் கொண்டுபோகிறவனுக்கு ஒரே சட்டம், பெட்டியைக் கீழே வைக்கக் கூடாது. பயாப்சி ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிடந்தவங்களே, உங்க வீட்டு வில்லையும் ஒருவேளை என் மடியில் வந்திருக்கும்.

எதிர் சீட்டு

நான் வேலை பார்த்த நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை மூடினபிறகு கோலாரில் ஒரு லேபில் இந்த வேலை கிடைத்தது. பங்காருபேட்டையில் ரயிலேறி, பெங்களூரில் பெரிய லேபில் கொடுத்துட்டு வரணும். ஒருநாள் எதிரே இருந்த அம்மா வழியெல்லாம் பெட்டியையே பார்த்துட்டு, இறங்கப் போகிற நேரத்தில் கேட்டாள்: "ஸ்வீட்டாண்ணா? யாரோ புடுங்கிக்கப் போற மாதிரி கட்டிப் புடிச்சிகினு குந்திகினு கீற?"

ஜோடியாக

என் சம்சாரம் கிளாராவுக்குக் கண் மஞ்சளாச்சு. காமாலைதானேன்னு ஒரு மாசம் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தேன். அப்புறம்தான் பித்தக்குழாயில் கேன்சர் என்றார்கள். அவளிடமிருந்து எடுத்த துணுக்கும் மெழுகு வில்லையாகி என் பெட்டிக்கே வந்தது. நாளைக்கு உன்னைத்தான் கொண்டுபோறேன் என்றேன். சிரித்துவிட்டாள். "கல்யாணமாயி இத்தினி வருசத்தில என்னை மடியில வெச்சிகினு பெங்களூருக்குப் போறது இதான் மொத தபா."

வாசல்

எட்டு மாசத்தில் போய்விட்டாள். அந்த வில்லை மட்டும் பெங்களூர் லேப் அலமாரியில் இருந்தது. கல்லறையில் அவள் பக்கத்திலேயே புதைச்சிடலாம்னு போய்க் கேட்டேன். "லெட்டர் எழுதிக் கொடுத்தா தருவோம் அங்கிள்" என்று பேப்பரைக் கொடுத்த டாக்டரம்மா, முதலில் அந்த வில்லையிலிருந்து சீவி எடுத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ரோஸ் நிறத்தில் திட்டு. அதன் ஓரமெல்லாம் ஊதாப் புள்ளிகள்.

"அதுங்கதான் உடம்போட காவல் அணுக்கள். நோயைக் கொல்ல வந்திருக்கு. கட்டியைச் சுத்தி நார் கெட்டியா வளர்ந்து தடுத்திருக்கு. உள்ளே நுழைஞ்ச ஒண்ணு ரெண்டையும் அந்தக் கட்டியே மயக்கிப் போட்டிருக்கு. இந்த அணுக்களை எப்படி உள்ளே அனுப்புறதுன்னுதான் இதை வெச்சுப் பார்த்துட்டிருக்கோம்."

சுரங்கத்துக்குள் பாறை சரிந்த அன்றைக்கு ராத்திரி கேஜ் லிஃப்டில் மேலே வந்தேன். கிளாரா சோறு தண்ணி இல்லாமல் சுரங்க கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். உள்ளே விடமாட்டாங்கன்னு தெரியாதா என்று திட்டினேன். "உள்ள உடலன்னா, வாசல்லயாவது நிக்கறேன்" என்றாள்.

மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட திரும்பிப் போகிற மாதிரித் தெரியவில்லை. பேப்பரை மடித்து மேஜைமேலேயே வைத்தேன். டாக்டரம்மா கேட்டாள்: "ஏன் அங்கிள், லெட்டர் எழுதலையா?"

இப்பவும் வாரம் ரெண்டு தபா போறேன். பெட்டியைக் கொடுக்கக் கவுன்ட்டரே போதும், ஆனாலும் அந்த அலமாரி இருக்கிற ரூம் வாசல்வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வர்றேன்.