அரை மாத்திரை

என் பெரியம்மா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போனவர். முப்பது வருஷம் விறகுப் புகையைக் குடித்த நெஞ்சு, நான் நாலாம் வகுப்புப் படித்தபோது சுத்தமாக நைந்துபோயிருந்தது. செக்காலைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு ஜன்னலோரம், முழங்கால்களில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்ததைச் சொல்வதற்குள் நான் தெருவைச் சுற்றி வந்துவிடலாம்.

இன்ஹேலர், ஆவி எல்லாம் பார்த்துவிட்டு, மதுரை டாக்டர் கடைசியாக ஒரு சின்ன மாத்திரை எழுதினார். காலையில் அரை, சாயங்காலம் அரை. அதை விழுங்கிய சற்று நேரத்தில் பெரியம்மாவின் தோள்கள் இறங்கும். முகம் ஊருணித் தண்ணீர்போல அசையாமல் தெளியும். பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டபடி நானும் எங்கோ மிதந்து போவேன்.

ஊரிலிருந்து வந்த மாமா மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இது அபினு, அக்கா. தூங்க வச்சே ஆளக் கொண்டுபோயிரும்."

டாக்டர் அளவாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னது என் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலமே மாத்திரை அட்டையை என் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்தேன். பெரியம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

வீடே தேடியது. அந்த மாத்திரை இங்கே கடைகளில் கிடைக்காது. மதுரைக்குத்தான் போகவேண்டும் என்றார் அப்பா. மறுநாள் பெரியம்மா சாப்பிடவில்லை. கழுத்து நரம்புகள் கயிறாக இழுத்தன. என்னைப் பார்த்த கண்களில், கிணற்றுக்குள் விழுந்தவரின் பார்வை இருந்தது. பயந்துபோய் அட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"இதத் தின்னா செத்துப் போயிருவீகளாம், பெரியம்மா."

அவர் அரை மாத்திரையை விழுங்கினார். தோள்கள் இறங்கிய பிறகுதான் பேசினார்.

"சாகுறதுக்கு இல்லடி. மூச்சு முட்டுதேங்கிற பயம்... அடங்குறதுக்கு."

அட்டை தலையணைக்கு அடியில் கிடந்ததாக அம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னை முன்னால் உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டார். நடுவில் மூச்சு வாங்க ஒரே ஒரு தடவைதான் கையை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், எங்கள் பெரியம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னேன். அம்மா அதைக் கேட்டும் திருத்தவில்லை. பொங்கல்வரை அவர் பின்னிவிட்ட சடையோடு போய், தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.