திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதம். வாசலில் வந்து நின்ற டாக்ஸியிலிருந்து என் ஓரகத்தி ஒரு பெரிய பெட்டியை இழுத்து இறக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. காலையில் சிங்கப்பூரில் விமானம் ஏறிய அவள் கணவர், மதியம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "திருச்சிக்கு நாலு மணி நேரம்தான். அதுலயும் பாதி தூங்கிட்டேன்" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாங்கள். அண்ணன் சிங்கப்பூர் போனார்; தம்பி, என் கணவர், டொராண்டோ போனார். அவர் ஊருக்கு வருவதென்றால் இரண்டு இடத்தில் விமானம் மாறி, இடையில் ஏதோ ஒரு நாட்டில் காத்துக் கிடந்து, வீடு வந்து சேர ஒரு நாளுக்கும் மேல் ஆகிவிடும். அதனாலேயே வருவது அபூர்வம். ஓரகத்தியோ, "காதுகுத்துக்கு வர்றேன்னுட்டாரு" என்பதைக் கும்பகோணத்திலிருந்து வருவது போலச் சொல்வாள். போனில் வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். அவளுடைய ஊர் பக்கத்திலேயே இருக்கும். என்னுடைய ஊரைத் தேட உலகத்தையே சுருக்க வேண்டியிருக்கும்.

மாமனார் இறந்தபோது மூத்த மகனான பெரியவர் மறுநாளே வந்து கொள்ளி வைத்தார். பாடையைத் தூக்கியதை என் கணவர் வீடியோவில் பார்த்து அழுதார். போனை உயர்த்திப் பிடித்திருந்தது நான்தான். ஓரகத்திக்குச் சாய்ந்து அழ ஒரு தோள் இருந்தது. சாவு வீட்டிலும் நான் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஆபரேஷன் முடிந்து, அவள் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியும் பெரியவர் வரவில்லை. லீவு இல்லையாம். அதற்கு முந்தைய பொங்கலுக்கும் அவர் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவருக்கு வேலை அதிகமா இருக்கும்க்கா" என்றேன்.

அவள் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "உன் வீட்டுக்காரரு வரலைன்னா, தூரம்னு சொல்லிக்கலாம். நாலு பேரும் நம்புவாங்க. நீயும் நம்பிக்கலாம். நான் என்னன்னு சொல்லிக்கிறது?"

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டொராண்டோவில் விடிந்ததும் என் கணவர் கூப்பிடும் வழக்கமான அழைப்பு. திரையில் சிரிக்கும் அவர் முகத்தை ஓரகத்தி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனையோ வருடம் நான் அவளைப் பார்த்த பார்வை அது.

போனை எடுக்கவில்லை. சத்தத்தை அணைத்துக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கஞ்சி ஆறுதுக்கா, குடிங்க" என்றேன்.