ஜமால் திறந்த பதினொரு பெட்டிகள்

ஜமால் இறந்துவிட்டான் என்று திருப்பூர் ராயபுரத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு கம்பெனியின் பேக்கிங் பகுதியில் நின்று பனியன்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றார்கள். என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. இதிலும் என்னை முந்திக்கொண்டானே என்பதுதான் வந்தது. அஞ்சலி எழுதுகிறவன் இப்படியா தொடங்குவான் என்று கேட்பீர்கள். அவனைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். பூசி மெழுகி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அடக்கத்துக்குப் போனேன். அவன் வீட்டுத் தெருவில் நிற்க இடமில்லை. டெய்லர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள், டெம்போ டிரைவர்கள், முதலாளிகள்கூட நாலைந்து பேர். அழுகிறவர்களை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். எனக்கு இதில் கால்வாசி தேறாது. அந்தக் கூட்டத்திலும் இரண்டு பேர் என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். "தங்கமான மனுசனுங்க. என்ன ஒண்ணு, அந்தப் பையிங் ஆபீஸ்ல கை நீட்டாம இருந்திருக்கலாம்." ஏழு வருடமாக அவன் மேல் இருக்கிற பழி இது. உங்களில் பாதிப்பேர் நம்பினீர்கள், மீதிப்பேர் நம்பாமல் இருக்க முயற்சி செய்தீர்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் அவனுடைய குட்டிக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவனும் நானும் ஒரு பனியன் கம்பெனியில் ஒரே நாளில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் ராயபுரத்திலிருந்து சைக்கிளில் வருவான், நான் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வருவேன். ஒரே மேஜை, ஒரே டியூப் லைட். ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பையர்கள் என்கிற வெளிநாட்டு வியாபாரிகளுக்காகச் சரக்கைப் பார்த்து அனுப்புகிற ஒரு பையிங் ஆபீஸ், இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் தேடியபோது இரண்டு பேரும் போனோம். ஒரு பனியனைக் கொடுத்து எத்தனை குறை என்று கேட்டார்கள். நான் பளிச்சென்று நாலு என்றேன். ஜமால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு இருக்குதுங்க. இன்னொண்ணு சந்தேகமா இருக்குதுங்க. வெயில்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றான். அவனை எடுத்துக்கொண்டார்கள். நாலு குறைதான் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவன் இன்ஸ்பெக்டராக எங்கள் கம்பெனிக்கே வந்தான். ஆர்டர் முடிந்து பெட்டிகள் அடுக்கியதும் அவன் வந்து சிலவற்றைத் திறந்து பார்த்துப் பாஸ் என்று கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பும். நான் அப்போது பேக்கிங் சூப்பர்வைசர். முதலாளி எதிரில் அவனை "வாங்க சார்" என்பேன். "சார் கீர்னு சொல்லாத மாப்ள, கூச்சமா இருக்குது" என்று என் காதில் சொல்வான். அவன் கூசட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் சட்டைப் பையிலிருந்து அந்த மெஷினை எடுத்தான். மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் நீளம். துவரம்பருப்பு அளவில் பொத்தான்கள். மேலே ஒரே ஒரு வரி தெரிகிற கண்ணாடி. பையர் ஒருவர் ஆபீசுக்குக் கொடுத்தது, ஆபீஸ் இவன் கையில் கொடுத்திருந்தது.

"என்ன மாப்ள, கால்குலேட்டருக்கு வாலு மொளச்சிருச்சா?" என்றேன்.

"கால்குலேட்டர் இல்ல மாப்ள, கம்ப்யூட்டரு. நாம சொல்லிக் குடுத்தத அப்படியே ஞாபகம் வெச்சுக்கும்."

"நானுந்தான் வெச்சுக்கறேன். எனக்குப் பேட்டரி வேண்டாம்."

பேக்கிங்கில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நிமிடம் எல்லோரும் அவனைச் சுற்றி நின்று அந்த ஒரு வரிக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார்கள். என்னைச் சுற்றி அப்படி யாரும் நின்றதில்லை.

அது செய்த வேலை இதுதான். மொத்தம் இத்தனை பெட்டி என்று அடித்தால், எந்தெந்த எண் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத் தானாகவே ஒவ்வொன்றாகச் சொல்லும். இது சாதாரண விஷயம் இல்லை. அதுவரை எந்த இன்ஸ்பெக்டர் எந்தப் பெட்டியில் கை வைப்பார் என்பது எல்லாக் கம்பெனிக்கும் அத்துப்படி. ஒருவருக்கு இடுப்பு வலி, குனிய மாட்டார். அடி வரிசையில் எதை வைத்தாலும் கவலையில்லை. இன்னொருவர் சுவரோரமாகத்தான் போவார். ஜமால் எப்போதும் நட்டநடுவில் கை வைப்பான். நல்ல பீஸ்களை அங்கே அடுக்கிவிடுவோம். மெஷின் வந்த பிறகு அந்தக் கதை நடக்கவில்லை. ஒருமுறை அவனுடைய சொந்த மச்சான் கம்பெனிச் சரக்கையே ரிஜெக்ட் செய்தான். அவர் சண்டைக்கு வந்தபோது கண்ணாடியைக் காட்டி, "நான் எடுக்கலீங்க மச்சான், இதுதானுங்க எடுத்துச்சு" என்றானாம். "அந்தக் கருமத்தத் தூக்கிக் கெணத்துல போடு" என்று மச்சான் மெஷினைத் திட்டிவிட்டு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். எனக்குப் பொறாமை அங்கேதான் முற்றியது. பத்து வருடமாக ஆளாளுக்குத் திட்டியதை எல்லாம் நான் நேரில் வாங்கிக்கொண்டிருந்தேன். அவனுக்கு வாங்கிக்கொள்ள ஒரு மெஷின் இருந்தது.

குறையும் ஏராளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவன் கட்டைவிரல் பட்டால் இரண்டு பொத்தான் சேர்ந்து அமுங்கும். வாசலில் வைத்துப் பார்த்தால் எழுத்து தெரியாது, உள்ளே வைத்தால் டியூப் லைட் அடிக்கும். பேட்டரி தீர்ந்து வெளியே எடுத்தால் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் மறந்துபோகும். பிறகு மெட்ராஸ் ஆபீஸில் யாரோ எழுதித் தந்த புரோகிராமை, மடித்து மடித்து நைந்துபோன தாளிலிருந்து எழுத்து எழுத்தாக மறுபடி அடிக்க வேண்டும். "அப்போ ஞாபகம் வெச்சிருக்கறது மெஷினா, காயிதமா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபமே வராது. "கொறையில்லாத பீஸ் எங்க மாப்ள இருக்குது? எந்தக் கொறையோட அனுப்பலாம், எதோட அனுப்பக்கூடாதுன்னு பாக்கறதுதான நம்ம பொழப்பு" என்றான்.

அந்தப் பேட்டரி திருப்பூரில் கிடைக்காது, கோயமுத்தூர் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்பெனியிலும் மெஷினை ஆன் செய்வான், எண்களை எழுதிக்கொள்வான், உடனே ஆஃப் செய்துவிடுவான். இதில்தான் எனக்கு வாய்ப்பு வந்தது. திறந்த பெட்டிகளைத் திரும்ப டேப் ஒட்ட வேண்டும் என்பதால் அவன் சொல்கிற எண்களை நானும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நூற்றிருபது பெட்டிச் சரக்கு ஒன்றுக்கு 44, 99, 7, 72, 29 என்று போயிற்று. இரண்டு மாதம் கழித்து இன்னொரு நூற்றிருபது பெட்டிச் சரக்கு. மெஷினை ஆன் செய்தான். 44, 99, 7, 72, 29. மொத்தம் பதினொரு பெட்டி, பதினொன்றும் பழைய எண்கள். ஜமால் கவனிக்கவில்லை. அவன் போகிற கம்பெனிகளில் எல்லாம் பெட்டிக் கணக்கு வேறு வேறு, அதனால் எண்ணும் வேறு வேறாகத்தான் வரும். அடுத்த சரக்கு இருநூற்று நாற்பது பெட்டி. எண்களை இரட்டித்து என் உள்ளங்கையில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனேன். 88 வந்தது. 198 என்று எழுதியிருந்தேன், 197 வந்தது. 14 வந்தது. ஒன்றிரண்டு இப்படி அப்படி, அவ்வளவுதான். ஆன் செய்யும்போதெல்லாம் அது முதலிலிருந்தே தொடங்குகிறது. அவனைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்த யாருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரியும். அன்று ஊத்துக்குளி வரை ரயிலில் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனேன்.

கொஞ்ச காலம் அந்தச் சந்தோஷமே போதுமானதாக இருந்தது. அவன் எண் சொல்வதற்கு முன் நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பிறகு ஒரு நூற்றிருபது பெட்டிச் சரக்கு கெட்டுப்போனது. மழுங்கிய ஊசியால் தைத்ததில் கழுத்தோரம் நூல் அறுபட்டு, இழுத்தால் ஓட்டை விட்டது. பாதிக்குப் பாதி அப்படி. மறுபடி தைக்க நாள் இல்லை. "எப்பிடியாச்சும் பாஸ் பண்ணி உடு சாமி" என்றார் முதலாளி. எப்படி என்று அவருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. நான்தான் நல்ல பீஸ்களாகப் பொறுக்கிப் பதினொரு பெட்டியை நிரப்பினேன். எந்தப் பதினொன்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜமால் வந்தான், ஆன் செய்தான், எண்ணை எழுதினான், ஆஃப் செய்தான். ஒவ்வொரு கழுத்தையும் இழுத்து இழுத்துப் பார்த்தான். "அருமையாப் பண்ணியிருக்கற மாப்ள" என்று கையெழுத்துப் போட்டான்.

சரக்கு போய்ச் சேர்ந்து, கடையில் விற்று, முதல் துவைப்பிலேயே கழுத்து கழுத்தாகக் கிழிந்திருக்கிறது. ஆபீஸில் ஜமாலைக் கூப்பிட்டு, பாதிச் சரக்கு ஓட்டை, நீ திறந்த பதினொரு பெட்டியில் மட்டும் எப்படி ஒன்றுகூட இல்லை என்று கேட்டார்கள். மெஷின்தான் எடுத்தது என்றான். மெஷின் எடுத்திருந்தால் பாதி அகப்பட்டிருக்கும், நீ கம்பெனிக்காரனோடு பேசிவைத்துக்கொண்டு பெட்டி எடுத்திருக்கிறாய், என்ன வாங்கினாய் என்றார்கள். அந்த வாரமே வேலை போயிற்று. காசு கொடுத்தது முதலாளி என்றே நினைத்தார்கள்; சம்பளக்காரனான என்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். மெஷினையும் நைந்த தாளையும் என் கையில் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவன் ஊத்துக்குளியில் என் வீட்டுக்கு வந்தான். கையில் பழைய ரிப்போர்ட்டுகளின் கார்பன் பிரதிகள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டியிருக்கிறான். "மாப்ள, அந்த மெஷின்ல ஒரு கோளாறு இருக்குது. ஆன் பண்ணுனா அதே நம்பருதான் வருது. ஆரோ அதக் கண்டுபுடிச்சு எனக்குப் பண்ணிப்போட்டாங்க. நாளைக்கு உனக்கும் பண்ணுவாங்க. அதனால மொதல்ல வர்ற நம்பர்ல கொஞ்சத்த, அன்னன்னைக்கு எத்தனை தோணுதோ அத்தனையத் தள்ளிப்போட்டு, அப்பறமா எடுக்க ஆரம்பி" என்றான்.

"அப்பிடீங்களா?" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், தனியாக இருக்கும்போது அவனிடம் நான் ஒரு தடவைகூட 'ங்க' போட்டதில்லை. சிநேகிதனுக்கு யார் 'ங்க' போடுவார்கள்? வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "என்ன மாப்ள, புதுசா மருவாதி?" என்றான். அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. என் மனைவி கொடுத்த மோரைக் குடித்து முடித்தான். "ஆபீஸ்ல நாஞ் சொன்னா சாக்குன்னு சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. ஒரு வார்த்த சொல்லு" என்றான். சொல்கிறேன் என்றேன்.

சொல்ல வாய்ப்பு தானாகவே வந்தது. எல்லா இன்ஸ்பெக்டருக்கும் அதைப்போல ஒன்று வாங்கலாமா, நிறை என்ன குறை என்ன, எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். இரண்டு பக்கம் எழுதினேன். பொத்தான் சின்னது, எழுத்து தெரியவில்லை, பேட்டரி கிடைப்பதில்லை, மறந்துபோகிறது, தமிழ் வராது, வியர்வை பட்டால் வேலை செய்யாது. ஒரே ஒரு குறையை விட்டுவிட்டேன். அதை எழுதியிருந்தால் ஜமாலைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள், நான் டேப் ஒட்டப் போயிருப்பேன்.

அவன் பிறகு ஒரு கம்பெனியில் செக்கிங் மேஜையிலேயே மறுபடி உட்கார்ந்தான். நான் அவன் சொன்னபடியே எண்களைத் தள்ளிவிட்டுப் பெட்டி எடுத்தேன். ஏழு வருடத்தில் என்னை யாரும் ஏமாற்றவில்லை, இந்தச் சென்னியப்பன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ஊரே சொன்னது. அவன் எங்காவது என்னைப் பார்த்தால் சிரிப்பான். அந்த வார்த்தையைச் சொன்னாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது என்ற எரிச்சல் எனக்கு அப்போதும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவன் மகள் என்னிடம் வந்தாள். இந்த அஞ்சலியை எழுதச் சொன்னவளே அவள்தான். "நீங்கதாங்க மாமா எழுதோணும். அத்தா உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாங்க. 'எனக்காக ஆபீஸ்ல போய்ப் பேசுன ஒரே ஆளு சென்னியப்பன்தான், அவன் எவ்வளவோ சொல்லியும் அவனுக ஏத்துக்கல'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள்.

கண்ணு, நான் பேசவில்லை. உன் அத்தா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அந்தப் பதினொரு பெட்டியை நிரப்பியது நான். இதுவரை எழுதியதன் பிரதி ஒன்றை இன்று காலை, அந்த மெஷினோடு சேர்த்து, ஆபீஸில் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வேலை அவனுடையது, ஏழு வருடமாக எனக்கு இருந்த பெயரும் அவனுடையது, இரண்டும் போகட்டும். அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, என்னைப் பற்றி அவன் தன் வீட்டில் சொன்ன அந்தப் பொய் ஒன்றைத்தான்.