ஐந்தாவது லேயர்

இது நடந்தது. பேய்க் கதை சொல்கிற எல்லோரும் முதல் வரியில் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள். அதிலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்பவர்கள், பெரும்பாலும் அடுத்தவர் தலையில்தான் அடிப்பார்கள். அதனால் சத்தியம் வேண்டாம். நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போங்கள். இருமல் மருந்தை டப்பா டப்பாவாக அள்ளிப்போகிற வழுக்கைத் தலை மனிதர் ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். கடைக்காரர் கண்ணைச் சிமிட்டுவார். அவர் நினைப்பது தப்பு. அந்த மனிதருக்குப் போதைப் பழக்கமும் இல்லை, இருமலும் இல்லை.

அவருக்கு லேபிள் என்று பெயர். வைத்த பெயர் வேறு, ஒட்டிக்கொண்ட பெயர் இது. இருபது வருடமாகப் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் லேபிள் வடிவமைக்கிறார். மாடல்களை வைத்துப் படமெடுக்கக் கட்டுப்படியாகாது என்று வீட்டு ஆட்களையே லேபிளில் ஏற்றிவிட்டார். பினாயில் பாட்டிலில் சிரிப்பவர் அவர் மனைவி. இருமல் மருந்து டப்பாவில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கும் சிறுமி அவருடைய ஒரே மகள். எலி மருந்துக்கு மச்சானைக் கேட்டுப் பார்த்தார். மச்சான் ஒரு வருடம் பேசவில்லை.

இப்படிப்பட்டவர், உறுமிப் பாடுகிற ஒரு மெட்டல் இசை பேண்டின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்ய உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், அந்த பேண்டின் பாடகன் அவருடைய அக்கா மகன். பேண்டின் பெயர் நரகப் பேரவை. கேட்டதும், செயலாளர் பொருளாளரெல்லாம் யாரு என்று விசாரித்தார் லேபிள். அக்கா மகன் சிரிக்கவில்லை. மேடையில் அவன் பெயர் 'இருளின் வாரிசு'. இருளின் வாரிசுக்குப் பல்லி என்றால் பயம். அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தால்தான் ஒத்திகைக்கே போவான். டிரம்ஸ் அடிப்பவன் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளன். கிட்டார்காரன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேஸ் கிட்டார்காரன் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். உலகத்தை நடுங்கவைக்கக் கிளம்பியவர்கள் மொத்தம் நான்கு பேர்.

மூடிக்கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரிக்குள் வரிசையாக நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். எல்லா முகத்திலும் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பிண ஒப்பனையாம். யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. இதை வைத்து அட்டை, போஸ்டர், ஆளுக்கொரு பேட்ஜ் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல வெயில். பேய் இருட்டில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். லேபிள் ஒவ்வோர் உருவத்தையும் விளிம்பு பிடித்து வெட்டி எடுத்தார். வெட்டிய உருவம் ஒவ்வொன்றும் ஒரு தனி லேயர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஐந்து முகம், ஐந்து பேட்ஜ். அனுப்பிவிட்டுத் தேநீர் போட எழுந்தார்.

போன் அடித்தது.

"மாமா, பிச்சிட்டீங்க. ஆனா அஞ்சாவதா ஒருத்தன வரைஞ்சிருக்கீங்களே, எப்படி மாமா தோணுச்சு?"

"நான் எங்கடா வரைஞ்சேன்? நீங்க அனுப்பினதுதானே."

"நாங்க நாலு பேருதான் மாமா."

பேரவை கூடிப் பேசியிருந்தது. அந்த ஐந்தாவது முகம்தான் தங்கள் இசையின் ஆன்மா என்று இருளின் வாரிசு விளக்கம் கொடுத்தான். அவனையே அட்டையின் நடுவில் பெரிதாகப் போடச் சொன்னான். லேபிள் போனை வைத்தார். பழைய படத்தை மறுபடியும் அனுப்பச் சொல்லிச் செய்தி போட்டார். வந்தது. எண்ணினார்.

நான்கு பேர்.

தன் ஃபைலில் எண்ணினார்.

ஐந்து.

அசதியில் ஏதோ படத்தைக் கலந்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பூச்சு என்றால் அதற்கு ஒரு விளிம்பு உண்டு. தலைமுடி ஓரத்தில் திட்டாக நிற்கும். வேர்வையில் வெடிக்கும். காது மடலுக்குப் பின்னால் கை எட்டாமல் விட்டுப்போயிருக்கும். டிரம்ஸ்காரனுக்கு விட்டுப்போயிருந்தது. ஏஜென்டுக்கு மூக்கோரத்தில் வழிந்திருந்தது. அக்கா மகனுக்குத் தாடைக்குக் கீழே கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. பேஸ்காரன் கழுத்துப் பக்கம் பூசவே இல்லை.

ஐந்தாவது முகத்தில் விளிம்பு இல்லை.

காதுக்குள்ளும் வெள்ளை. உதட்டின் உள்பக்கமும் வெள்ளை. லேசாகத் திறந்த வாய்க்குள், நாக்கும் வெள்ளை.

அது பூச்சு இல்லை...

லேபிள் படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினார். ஐந்தாவது லேயரை அழித்தார். உருவம் போய்விட்டது. மூச்சு விட்டார். அப்போதுதான் பார்த்தார்.

அக்கா மகனின் இடது தோளில் ஒரு கை.

உருவம்தான் போயிருந்தது. கை போகவில்லை. அக்கா மகனைத் தோளோடு விளிம்பு பிடித்து வெட்டியபோது, தோள்மேல் இருந்த கையும் அவனோடு சேர்ந்து வந்துவிட்டது. தொழிலில் நடக்கிற தப்புதான். வெள்ளை விரல்கள். நகத்துக்கும் தோலுக்கும் ஒரே நிறம்.

அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இருபது வருடப் பழக்கம் கைகொடுத்தது. லேபிளில் எதை மறைக்க வேண்டுமென்றாலும் அதன்மேல் ஒரு மஞ்சள் நட்சத்திரம் ஒட்டுவார். ஒட்டினார். நரகத்தின் ஆல்பத்தில், பாடகனின் தோள்மேல், 'புத்தம் புதுசு!' என்று மின்னியது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, வெயிலில் போய் நின்றார்.

செவ்வாய்க்கிழமை அக்கா கூப்பிட்டார். பையன் படுத்த படுக்கையாம். இடது பக்கம் சாய்ந்தே கிடக்கிறானாம். டாக்டர் பார்த்துவிட்டுச் சதைப் பிடிப்பு என்றாராம். லேபிள் ஓடினார். மேடையில் உறுமுகிறவனுக்குக் குரலே எழும்பவில்லை. இடது தோள், வலதை விட நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. எதுவோ அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி. அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம், அவன் லேபிளின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா... எடுக்கச் சொல்லுங்க."

"எதைடா?"

"கைய."

கையைப் பற்றி லேபிள் யாரிடமும் சொன்னதில்லை.

அச்சகத்துக்குப் போன் போட்டார். இன்னும் மெஷினில் ஏற்றவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். நட்சத்திரத்தை எடுத்தார். கை அங்கேயே இருந்தது. விரல் விரலாக விளிம்பு பிடித்தார். ஐந்து விரல், மணிக்கட்டு. கண்ணை மூடிக்கொண்டு 'வெட்டு' கட்டளையை அழுத்தினார்.

கை மறைந்தது.

பள்ளமான இடத்தில் தோல் ஜாக்கெட்டை வரைந்து நிரப்பினார். ஐந்து நாற்பதுக்கு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, எந்திரிச்சு உக்காந்துட்டாண்டா. பசிக்குதுங்கறான்."

லேபிள் நாற்காலியில் அப்படியே சரிந்து அழுதார். கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை இருமல் மருந்துக் கம்பெனியின் வேலை. டப்பாவின் கீழ் மூலையில் லைசென்ஸ் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த மூலையை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொண்டார். ஒட்டும் கட்டளையை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. எண்ணை காப்பி எடுக்க மறந்துவிட்டோம் என்று தலையில் தட்டிக்கொண்டார். காப்பி எடுத்து மறுபடி அழுத்தினார். எண் வந்து உட்கார்ந்தது. அனுப்பிவிட்டார். ஆல்பமும் வந்தது. வெளியீட்டு விழாவில் நாற்பது பேர். அதில் நான்கு பேர் அம்மாக்கள். அக்கா மகன் நன்றாகவே உறுமினான்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. புது டப்பா கடைகளில் பறக்கிறதாம்.

"சார், பொண்ணு தோள்ல அம்மா கைய வச்சீங்க பாருங்க, அங்க நிக்கிறீங்க. அடுத்த தடவ ஒரு வளையல் மட்டும் போட்டுடுங்க."

லேபிள் போனை மேஜையில் போட்டார்.

எழுந்துபோய், கம்பெனி அனுப்பிப் பிரிக்காமலே அலமாரியில் கிடந்த மாதிரி டப்பாவை எடுத்தார்.

மஃப்ளர். சிரிப்பு. இடது தோளில், ஒரு வெள்ளைக் கை.

வெட்டியது அழிவதில்லை. ஒட்டுகிற வரை உள்ளே காத்திருக்கும். இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்று நினைத்தாரே... வந்திருக்கிறது. திரைக்கு வெளியே, அவர் பார்க்காத இடத்தில்.

வாசலில் செருப்புச் சத்தம்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். பையை ஒரே தோளில் மாட்டாதே என்று ஒரு வாரமாக அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.

"பையைக் கழட்டும்மா," என்றார் லேபிள்.

கழற்றினாள்.

இடது தோள் நிமிரவில்லை.

ஃபைலிலிருந்து அந்தக் கையை உடனே அழித்தார். வெட்டவில்லை, அழித்தார். கம்ப்யூட்டரையே உடைத்துப் போட்டார். தோள் நிமிரவில்லை. ஃபைலில் இருந்தால்தானே அது ஃபைலோடு போகும்? அது கடை கடையாகப் போய் அலமாரியில் நின்றுவிட்டது. கையிலிருந்த மாதிரி டப்பாவைக் கொல்லைப்புறத்தில் கொளுத்தினார். மகள் உள்ளேயிருந்து, "அப்பா, கொஞ்சம் லேசாச்சு," என்றாள்.

அன்றிலிருந்து வாங்குகிறார். எந்தக் கடையையும் விடுவதில்லை. மருந்தைச் சாக்கடையில் கொட்டுகிறார், அட்டையைக் கொளுத்துகிறார். ஒவ்வொரு மூட்டைக்கும் தோள் ஒரு நூல் உயர்கிறது. கம்பெனிக்காரர்களிடம் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். ஓடுகிற டப்பாவை யாராவது மாற்றுவார்களா என்று கேட்டார்கள். விற்பனை இரட்டிப்பாகியிருக்கிறதாம். அவர் வாங்க வாங்க, அவர்கள் அச்சடிக்கிறார்கள். அதே பழைய அச்சுத் தகட்டை வைத்துத்தான். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்று அச்சகத்தில் அடித்துச் சொல்கிறார்கள்.

நேற்று புது அச்சு கடைக்கு வந்தது. லேபிள் ஒரு டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மணிக்கட்டோடு நின்றிருந்த கை, இப்போது முழங்கை வரை தெரிகிறது.