பதினாறு நாள் சார்ஜில் கிடந்த விளக்கைப் பார்க்கப் போனோம்

போன சனிக்கிழமை ஜார்ஜ்டவுனிலிருந்து சிடாம் கிரி வரை போய் வந்தேன். கோயில், மலை, அருவி எதற்கும் இல்லை. ஒரு நெற்றி விளக்கைப் பார்க்க. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வழி உதவும். எதையாவது சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு மற்றது உதவும்.

அழைத்தவள் சுகுணா. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள். நான் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய்விட்டேன், அவள் வேதியியலை விடவில்லை. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிறிய பேட்டரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவளுடைய தூரத்து உறவு லெட்சுமி அக்கா சிடாம் கிரியில் ரப்பர் மரம் சீவுகிறவர். விடியும் முன்பே வேலை தொடங்குவதால் நெற்றி விளக்கு இல்லாமல் முடியாது. மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், அன்று வேலை இல்லை. ஆனால் மழை எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அங்கே மழை நாள் முழுக்க விளக்கு சார்ஜிலேயே கிடக்கும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கும் மலிவு விளக்குக்கோ, நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளத் தெரியாது. அக்காவின் போன விளக்கில் பேட்டரி பூரி போல உப்பிவிட்டது.

சுகுணா தன் பேட்டரியைப் போட்டு ஒரு விளக்கு கொடுத்திருந்தாள். தகரத் தட்டில், வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, மெதுவாக ஏற்றும் சார்ஜரில் மாட்டி, கழற்றாமல் விட வேண்டும். அதுதான் சோதனை. அங்கே விடாமல் மழை பிடித்துப் பதினாறு நாள், விளக்கு சார்ஜில் கிடந்தும் பதினாறு நாள் ஆகிவிட்டது. இதுவும் உப்பியிருந்தால் முயற்சியை மூடிவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அவளுடைய மூன்று வருட உழைப்பு.

காலை ஏழு மணிக்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஃபெரியில் ஏறினேன். பட்டர்வொர்த்திலிருந்து ஹைடெக் பூங்காவுக்கு வாடகை கார், 31 கிலோமீட்டர், 38 வெள்ளி (ரிங்கிட்). ஓட்டுநர் நம் ஆள்.

"ஃபேக்டரி வேலையாக்கா?"

"இல்ல தம்பி, ஒரு பேட்டரி நல்லா இருக்கான்னு பாக்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "என் கார் பேட்டரியும் சரியில்லலா. வரும்போது அதையும் பாத்துடுங்க."

எட்டரைக்குச் சுகுணாவின் காரில் மாறிக்கொண்டேன். வழியில் பாடாங் செராயில் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும். இருவருக்கும் ஒன்பது வெள்ளி. அவள் ரொட்டியைப் பிய்த்தாளே தவிர சாப்பிடவில்லை.

"அப்படி என்னதான்டி கலந்திருக்க?" என்றேன்.

"நீ ஃபெரியிலதானே வந்த? அதான்."

பேட்டரிக்குள் இரண்டு முனைகள், நடுவில் ஒரு திரவம். நிறைந்த பிறகும் மின்சாரத்தைத் திணித்தால் திரவம் சிதைந்து வாயு உண்டாகும், பேட்டரி உப்பும். சுகுணா திரவத்தில் ஒரு மூலக்கூறைக் கலந்திருக்கிறாள். சாதாரண நேரத்தில் அது சும்மா கிடக்கும். மின்னழுத்தம் அளவைத் தாண்டினால்தான் வேலை. நேர்முனையில் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு எதிர்முனைக்குப் போகும், அங்கே ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும், மறுபடி கொடுக்கும். ஃபெரி போல ஓயாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். மிஞ்சிய மின்சாரம் லேசான சூடாக வெளியேறிவிடும். வேகமான சார்ஜரை மாட்டினால் மட்டும் கூட்டம் அதிகமாகி ஃபெரி திணறும்.

எனக்குள்ளும் அப்படி ஒன்று ஓடினால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன். நிறைந்த பிறகும் வாங்கிக்கொண்டே இருக்கிற ஆள் நான்.

அங்கிருந்து சிடாம் கிரி 22 கிலோமீட்டர். செம்பனையும் ரப்பரும் மாறி மாறி வரும் பாதை, சில இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுவரோரம் தகரத் தட்டு, அதில் விளக்கு, விளக்கைக் கட்டிக்கொண்டு படுத்த ஒரு கொழுத்த பூனை.

"கழட்டவே இல்லதானே அக்கா?" சுகுணா செருப்பைக்கூட விடவில்லை.

லெட்சுமி அக்கா அடுப்படிப் பக்கம் பார்த்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. போன லைட்டு உப்புனதுல இருந்து எனக்குப் பயம். தொட்டா வேற சுடுது. தெனம் புடுங்கிப் போட்டுட்டேன்."

சுகுணா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் கழற்றியிருந்தால் அது சோதனையே இல்லை.

உள்ளேயிருந்து அக்காவின் கணவர் ஆறுமுகம் அண்ணன் குரல் வந்தது. "நீ புடுங்குவ, நான் சும்மா இருப்பேனா? மழை விட்டா லைட்டு ரெடியா இருக்க வேணாமா? நீ அந்தப் பக்கம் போனதும் மாட்டிடுவேன்."

"நீங்கதானா அது! நானே திரும்ப மாட்டிட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன். மண்டை குழம்பிப் போச்சுன்னு பயந்துகிட்டு இருந்தேன்லா!"

இருவரும் மோதிக்கொள்ள, சுகுணா பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எத்தன நாளா இங்க படுக்குது?"

"போண்டாவா? மழை புடிச்சதுல இருந்து அங்கதான். சோத்துக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்குது."

சுகுணா சிரிக்க ஆரம்பித்தாள். கழற்றிக் கிடந்த பேட்டரியில் கதகதப்பு இருக்காது, பூனையும் வந்து படுக்காது. பதினாறு நாளும் ஃபெரி ஓடியிருக்கிறது, சாட்சி போண்டா.

விளக்கைத் திறந்து பேட்டரியின் மேல் இரும்பு அடிக்கோலை நிறுத்தினாள். அடியில் இடைவெளி இல்லை. சப்பை. பத்தே முக்காலுக்கு விளக்கை எரியவிட்டோம். கோழிக்குழம்பு சாப்பிட்டு, அண்ணனின் தூண்டில் கதைகளைக் கேட்டு, இரண்டரைக்குக் கிளம்பும்போதும் எரிந்துகொண்டிருந்தது.

ஆய்வுக்கு அதை எடுத்துப்போக வேண்டும் என்றதும் அக்கா பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வெயில் அடிச்சா நான் எதக் கட்டிக்கிட்டுப் போறது?" நல்லவேளை, சுகுணா இன்னொன்று கொண்டுவந்திருந்தாள். அண்ணன் உடனே அதை மாட்டிவிட்டார். இந்த முறை அக்கா அதைப் பிடுங்கவில்லை.

போகிறவர்களுக்கு: சிடாம் கிரியிலிருந்து திரும்ப வாடகை கார் கிடைப்பது சிரமம், முன்பே பேசி வையுங்கள். மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்தில் கொசு அதிகம். இந்த மருந்து போட்ட பேட்டரி இன்னும் கடைக்கு வரவில்லை. அதுவரை மலிவு விளக்கை நிறைந்ததும் கழற்றுங்கள், கைப்பேசியின் வேக சார்ஜரை அதில் மாட்டாதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம், மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

மறுநாள் காலை, அண்ணன் எடுத்த ஒரு படத்தைச் சுகுணா எனக்கு அனுப்பினாள். சிடாம் கிரியில் மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. அக்காவோடு விளக்கும் மரத்துக்குப் போய்விட்டது. காலித் தட்டுக்குள் உட்கார்ந்து போண்டா முறைத்துக்கொண்டிருக்கிறது.